முள்ளோடையில் டேங்க் நிரப்பிய காலை

கடலூரில் இருந்துகொண்டு கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடையில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள்கூட "பாண்டில எடுங்க" என்பான். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி. பெட்ரோல், டீசல் அங்கே மலிவு. வண்டிக்கான சாலை வரியும் குறைவு. இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி எதற்கு என்பது மறந்துவிட்டது. எங்கே மிச்சம் என்பது மட்டும்தான் தெரியும்.

எனக்கு எதற்கு என்று தெரியும். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சிதம்பரத்தில்தான் இடம் கிடைத்தது. போகும்போது உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். வரும்போது தலை நிற்காது. அந்த நிலையில் அவளைப் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவந்திருக்கிறேன். இனி முடியாது என்றுதான் கார்.

சின்னப் பெட்ரோல் வண்டி போதும் என்று நினைத்தேன். சிஎன்ஜி பார்த்தேன், டிக்கி முழுக்க சிலிண்டர். அவளுடைய பையும் போர்வையும் வைக்க இடமில்லை. அப்போதுதான் அவள் தம்பி நடுவில் புகுந்தான். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் வீடு, சொந்தமாக டீசல் கார்.

"ஓடுற ஓட்டத்துக்கு டீசல்தான் மாமா. மைலேஜ் ஜாஸ்தி. என் பேர்ல, என் அட்ரஸ்ல எடுத்துடுவோம். வரியே பாதிதான்."

"உன் பேர்ல எடுத்தா அது உன் வண்டி மச்சான். நான் தெனம் கடலூர்ல ஓட்டினா இங்கயும் வரி கேப்பான்."

"எவன் கேக்கறான்? ஊர்ல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. ஒரு நாள் என் வண்டில வாங்க, காட்டறேன்."

டயாலிசிஸ் நாளன்று காலை வந்தான். அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டி தெற்கே சிதம்பரம் பக்கம் போகாமல் வடக்கே திரும்பியது.

"எங்க போற?"

"முள்ளோடை மாமா. டேங்க் ஃபுல் பண்ணி, சிதம்பரம் போயிட்டு வந்து, அதே பங்க்ல மறுபடி ஃபுல் பண்ணுவோம். எத்தன லிட்டர் புடிக்குதோ அதான் கணக்கு."

"வரும்போதே போட்டுட்டு வர்றதுக்கென்ன?"

"நீங்க கண்ணால பாக்கலைன்னா நம்ப மாட்டீங்களே."

பாலத்தில் நெரிசல். பங்க்கில் வரிசையாக நின்றதெல்லாம் கடலூர் வண்டிகள். எங்கள் முறை வந்து டேங்க் நிரம்பியும் அவன் விடவில்லை. உள்ளே காற்று இருக்குமாம். இறங்கிக் காரின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினான்.

"அக்கா, கெட்டியா புடிச்சிக்க."

அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் ஆட்டி ஆட்டி, கழுத்துவரை டீசல் ஊற்றினான். அடித்திருப்பேன். அவளுக்காக விட்டேன்.

திரும்பிக் கடலூரைக் கடந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஏசி போடவில்லை. கண்ணாடியையும் இறக்க விடவில்லை. காற்று இழுத்தால் மைலேஜ் குறையுமாம். செம்மங்குப்பத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தான். முந்தச் சொன்னேன்.

"இதான் மாமா கரெக்ட் ஸ்பீடு."

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "எங்க சார் இருக்கீங்க? இன்னும் அரை மணி பாப்பேன். அப்புறம் பெட்ட அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன்."

பின்னால் அவள் மூச்சு விடுகிற சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்டது. பாதம் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது. பெட் போனால் மறுநாள் வரை இவள் தாங்குவாளா?

"ஓரமா நிறுத்துடா," என்றாள் தம்பியிடம்.

நிறுத்தினான்.

"எறங்கி மாமாகிட்ட வண்டியக் குடு."

"அக்கா, பாதில ஆள் மாறினா கணக்கு..."

"எறங்குடா."

நான் ஓட்டினேன். ஏசியை முழுதாக வைத்தேன். லாரியை முந்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் மைலேஜ் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"எப்படி எறங்குது பாருங்க மாமா."

"எறங்கட்டும். வாய மூடிக்கிட்டு வா."

நாங்கள் உள்ளே நுழையவும், நர்ஸ் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயெடுக்கவும் சரியாக இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே படுக்கவைத்தாள். மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் மனைவிக்கு மூச்சு சீரானது. அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பெட்ரோல் வண்டி. கடலூர் நம்பர். மாமா பேர்ல."

"வருஷத்துக்கு எவ்ளோ ஜாஸ்தியாவும் தெரியுமாக்கா?"

"ஆவட்டும். நான் ஏசி போட்டுக்கிட்டுப் போறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். நான் அங்கேயே நின்று கடலூர் ஷோரூமுக்குப் போன் போட்டேன். விலையில் ஏதாவது குறைப்பார்களா என்று கேட்கவில்லை. வண்டி என்றைக்குக் கைக்கு வரும் என்று மட்டும் கேட்டேன்.