இடைக்கதவில் ஒரு சோபா

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், ஏதோ பட்டம் வாங்கியதுபோல. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்து மாட்டுகிற வேலை.

அவள் புருஷன் பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங்கும் பஞ்சும் மாற்றி, புதுத் துணி போர்த்துகிறவர். சண்டை வந்தால் அவர் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. சின்ன ஆணிகளை அள்ளி உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் தலையை விட்டுவிடுவார். வாயில் ஆணி இருக்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது? அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அப்போது வீடு ஊரின் ஒரு கோடியில், கடை மறுகோடியில். பஸ் மாறிப் போகவேண்டும். முதல் பஸ்ஸில் ஏறும்போது தப்பெல்லாம் அவருடையது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கும்போது, சரி, நாமும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றும். கடைக்குப் போய் லென்ஸில் அளவு குறித்து, மெஷினில் வைத்துத் தேய்த்து முடிப்பதற்குள் சண்டை எதற்கு வந்தது என்பதே பாதி மறந்திருக்கும். சாயங்காலம் திரும்பும்போது கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கும். அதுதான் அவள் கேட்கிற மன்னிப்பு. வாயைத் திறந்து கேட்கிற வழக்கம் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது.

ஆனால் அந்த பஸ்ஸைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. அதில் உட்கார்ந்து அவள் படிப்பதெல்லாம் டெலிபோர்ட் கதைகள். ஒருவன் பெட்டிக்குள் நுழைவான், பொத்தானை அமுக்குவான், கண்மூடித் திறப்பதற்குள் வேறொரு கிரகத்தில் நிற்பான். வேர்வை இல்லை, நெரிசல் இல்லை, யாரும் காலை மிதிப்பதில்லை. படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள். ஒருநாள் சண்டை முற்றியபோது, அப்படி ஒரு பொத்தான் மட்டும் என் கையில் இருந்தால் இந்நேரம் அக்கா வீட்டில் இருப்பேன் என்று புருஷனிடமே சொன்னாள். போகும்போது போன் சார்ஜரை மறந்துவிடாதே என்றார் அவர். இதற்கு மட்டும் ஆணியை வெளியே எடுக்கத் தெரிந்தது.

பொத்தான் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்தபடியான ஒன்று கிடைத்தது. கடை முதலாளியம்மா மகளோடு இருக்கப் போனபோது, கடையை ஒட்டிய பின்வீட்டை இவர்களுக்கு விட்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடைக்கதவு. வீட்டு வாசல் பின்தெருவில்; வாசலை ஒட்டிய கொட்டகையில் சோபா வேலை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்தால் கிரகம் மாறுகிறது என்று அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் வினையே ஆரம்பித்தது. காலையில் மூண்ட சண்டை ஆறுவதற்கு வழியில்லாமல், இடைக்கதவு வழியாக அவளோடு கடைக்கு வந்துவிடும். ஆள் வராத நேரமாகப் பார்த்துக் கதவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஒரு வார்த்தை வீசிவிட்டு மூடிக்கொள்வாள். அவரும் எவ்வளவு நேரம்தான் ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பார், பாவம். டீ குடிக்க வாயைத் திறந்தால் இவள் வந்து நிற்பாள்.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று இவளைக் கேட்காமலே தன் தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பழைய வீடாக இருந்தால் அன்றைக்கே அடங்கியிருக்கும். இங்கே அது ஞாயிறையும் தாண்டி ஓடியது. அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். அதோடு பேச்சும் நின்றது.

அந்த வாரம் ஒரு டீச்சரின் கண்ணாடியில் லென்ஸைச் சற்றுத் திருப்பி மாட்டிவிட்டாள். போட்டுப் பார்த்த டீச்சர், தரை ஏன் சரிவாகத் தெரிகிறது என்று கேட்டார். அவளுக்கு அப்படி ஒரு பிசகு நடந்ததே இல்லை. லென்ஸையாவது வேறொன்று தேய்த்துக் கொடுத்துவிடலாம். வீட்டில் இப்படியே பேச்சில்லாமல் பழகிப்போய்விட்டால் என்ன செய்வது? அதை நினைத்தபோது பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் உள்ளேயிருந்து ஷட்டரை இறக்கிவிட்டு இடைக்கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். விரலளவு இடுக்கு விட்டது. எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு சிவப்பு ரெக்சின் சோபா, கதவை அடைத்துக்கொண்டு.

வராதே என்கிறாரா? இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றி, வெளியே வந்து பூட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். செருப்புக் கடை முக்குவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஒரு நீளமான பேச்சைத் தயார் செய்தாள். பள்ளிக்கூடச் சுவரோரம் போகும்போது அதில் பாதி, சொன்னால் மனுஷன் தாங்கமாட்டார் என்று கழிந்துபோனது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பின்தெருவில் திரும்பும்போது, அந்த சோபாவைத் தனியாளாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பாரே என்ற கவலை வந்து சேர்ந்தது. தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. வாசல் கதவைத் தட்டினாள்.

அவர்தான் திறந்தார். வாயில் ஆணி இல்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்? என்னை வெளியே போன்னு சொல்றீங்களா?"

"இல்ல. சுத்தி வரச் சொல்றேன்."

அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பஸ்ல போய்ட்டு வர்ற காலத்துல, காலைல சண்டை போட்டவ வேற, சாயங்காலம் கதவைத் தட்டுறவ வேற. இங்க வந்ததுலேருந்து சண்டை போட்டவளே திரும்பத் திரும்ப வர்றா. தட்டுறவளைக் காணோம்" என்றார். "எனக்கு அவ வேணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. பெட்டிக்குள் சண்டையோடு நுழைகிறவன் அந்தக் கிரகத்திலும் சண்டையோடுதானே போய் இறங்குவான்? இத்தனை கதை படித்தும் இது உறைக்கவில்லை. சோபா யாருடையது என்று கேட்டாள். கொடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார், இனி கேட்டு வர ஆளில்லை என்றார்.

"அப்ப அது அங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தெருவில் இறங்கினாள்.

"எங்க போற?"

"இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கு. இன்னொரு சுத்துப் போயிட்டு வரேன். நீங்க கதவைச் சாத்துங்க, நான் தட்டணும்."

அவர் கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே நின்று காத்திருந்தார்.