அல்லிக்கு இன்ஷூரன்ஸ்

அண்ணனூரில் ரயில் பெட்டிகள் பழுது பார்க்கும் ஷெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் புஷ்பா வீடு இருக்கிறது. மேலோட்டமாகத் தெரிந்தவர்களுக்கு அவள், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை பார்க்கிற, எப்போதும் அவசரமாக நடக்கிற பெண். கொஞ்சம் பழகியவர்களுக்கு அவள் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருப்பது தெரியும். நன்றாகப் பழகியவர்கள் அந்தப் பெட்டியைப் பற்றி அவளிடம் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். தொடங்கினால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

பெட்டி முழுக்கக் காமிக்ஸ். ஆவடி உடைத் தொழிற்சாலையில் கட்டர் வேலை பார்த்த அவள் அப்பா, சம்பளம் வாங்கிய மாலையில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது ஒரு கையில் பக்கோடா, ஒரு கையில் குதிரைலாடம் காமிக்ஸ் என்று வருவார். அதன் நாயகி அலைமகள் அல்லி. தனியாகப் படகு ஓட்டுவாள், கடத்தல்காரர்களைப் பிடிப்பாள், எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும் இதழுக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து வயிறார மீன் வறுவல் சாப்பிடுவாள். புஷ்பாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அந்த வறுவலும் ஒரு காரணம்.

புஷ்பா ஆறாம் வகுப்பு படிக்கும்போது ‘உப்புத் தீவு’ முதல் பாகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் வில்லன், கடல் நடுவே ஒரு உப்புக் குன்றின் உச்சியில் நட்ட கம்பத்தில் அல்லியைக் கட்டிவைத்துவிட்டுப் போய்விடுகிறான். கடல் ஏறுகிறது. தண்ணீர் அவள் கணுக்காலைத் தொடுகிறது. மீதி அடுத்த மாதம்.

அடுத்த மாதம் புஷ்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்து கடைக்கு ஓடியபோது இதழ் தீர்ந்திருந்தது. கொஞ்ச நாளில் குதிரைலாடம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து முப்பது வருடத்துக்கும் மேலாக அல்லி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறாள். புஷ்பா வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், மகளைப் பெற்றுப் படிக்கவைத்துக் கோவைக்கு வேலைக்கு அனுப்பினாள். இடையிடையே, பஸ்ஸிலோ பாத்திரம் துலக்கும்போதோ, அல்லியை ஒவ்வொரு விதமாகக் காப்பாற்றிப் பார்த்தாள். ஹெலிகாப்டர் வந்தது. திமிங்கிலம் வந்தது. ஒரு தடவை புஷ்பாவே படகில் போனாள்.

பெண் பார்க்க வந்த கஜபதியிடமும் இதைச் சொல்லியிருக்கிறாள். கஜபதிக்குப் பூர்வீகம் நூம்பல். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு ஷெட்டில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். அவர் யோசிக்கவே இல்லை.

“கதாநாயகி தானே, எப்டியும் தப்பிச்சிருப்பா.”

தப்பித்திருப்பாள் என்று புஷ்பாவுக்குத் தெரியாதா? எப்படித் தப்பித்தாள் என்பதல்லவா கேள்வி? அப்போதே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆள் சிரித்த முகமாக இருந்தார்.

போன வருடம் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவளைச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த கையோடு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பல மாதம் கழித்துத் தூத்துக்குடியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் வீரராகவன் என்பவர் பதில் போட்டார். ‘உப்புத் தீவு’ இரண்டாம் பாகம் அவரிடம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அல்லி தோன்றிய முதல் இதழ். அது புஷ்பாவிடம் இரண்டு இருந்தது. அப்பா ஒன்று வாங்கிவர, அதே வாரம் விழுப்புரத்திலிருந்து வந்த மாமாவும் ஒன்று வாங்கி வந்திருந்தார். மாமா கொடுத்ததை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அட்டை இன்னும் பளபளவென்று இருந்தது.

அன்றே போனில் பேசிக்கொண்டார்கள். இருவரும் ஒரே நாளில் அனுப்புவது என்று முடிவானது. புஷ்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “அண்ணாச்சி, முடிவ மட்டும் சொல்லிடாதீங்க.” அவர் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். செய்துவிட்டு, “ஆனா தங்கச்சி, அந்தப் பதினாலாம் பக்கம் இருக்கு பாத்துக்கிடுங்க…” என்று ஆரம்பித்தார். புஷ்பா போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை குழுவில் விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முதல் இதழ் மடிப்பில்லாமல் இருந்தால் அதன் விலை கஜபதியின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்து, அதன் மேல் காலைத் தூக்கிவைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த கஜபதி இதைக் கேட்டதும், காலை மெதுவாக, சத்தமே வராமல் கீழே இறக்கினார்.

“இத்தன வருசம் தங்கத்து மேல படுத்துகினு இருந்தமா?”

எப்படி அனுப்புவது என்ற பிரச்சினை அப்போதுதான் தொடங்கியது. ரயில்வே பாஸ் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார் கஜபதி. புஷ்பா அவரைப் பார்த்தாள். இதுவரை ரயிலில் மூன்று குடை, இரண்டு டிபன் கேரியர், ஒரு சீப்பு வாழைப்பழம், மாமியாருக்கு வாங்கிய மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அவரே புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார்.

மெயின் ரோட்டில் ஒரு கூரியர் கடை. புஷ்பா விவரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்தவர் யாருடைய பார்சலையோ, அவள் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே, பின்பக்கமாக எறிந்தார். அது குறி தப்பாமல் சாக்குக்குள் விழுந்தது. புஷ்பா சாக்கை எட்டிப் பார்த்தாள். இருந்தாலும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டாள். உண்டு, பில் வேண்டும் என்றார். பழைய புத்தகத்துக்குப் பில் ஏது? அவள் போனில் காட்டிய அட்டைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர், இதில் இரண்டு ரூபாய் என்றுதானே அச்சடித்திருக்கிறது, தொலைந்தால் அவ்வளவுதான் கிடைக்கும் என்று நியாயமாகவே சொன்னார். லாரி பார்சல் ஆபீஸில், கீழே போட்டால் உடையுமா என்று கேட்டார்கள். உடையாது, மடங்கும் என்றாள். மடங்குவதற்கெல்லாம் அவர்கள் பொறுப்பில்லையாம்.

கடைசியில் தபால் நிலையத்தில் விசாரித்தாள். கவுண்டரில் ஜெயப்பிரியா என்ற பெண் இருந்தாள். இன்ஷூர் பார்சல் அனுப்பலாம், பொருளின் மதிப்பை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த மதிப்புக்கு ஏற்றபடி கட்டணம், பெட்டியை நன்றாக ஒட்டி ஒட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஏதாவது ஆகிவிட்டால் மதிப்பை நிரூபிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டாள். புஷ்பா வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தாள். இன்ன இதழுக்கு இன்ன இதழ், இன்ன மதிப்பு என்று வீரராகவனை எழுதி அனுப்பச் சொன்னாள். அவர் எழுதி அனுப்பி, கீழே ‘பதினாலாம் பக்கம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் வீடியோ காலில் இருவரும் சேர்ந்தே பேக் செய்தார்கள். பிளாஸ்டிக் உறை, இருபுறமும் விறைப்பான அட்டை, மூலைகளுக்குத் தனி அட்டை, அதன் மேல் குமிழ் ஷீட், பெட்டி, அந்தப் பெட்டிக்கு இன்னொரு பெட்டி. ஜெர்மனிக்குப் போகும் பிரேக் டிஸ்குக்குக்கூட புஷ்பா இவ்வளவு செய்ததில்லை. வீரராகவன் அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். இரண்டாம் பாகத்தின் அட்டை திரையில் தெரிந்ததும் புஷ்பா கண்ணை மூடிக்கொண்டு, உறைக்குள் போட்டாச்சா, போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை பெர்மிஷன் போட்டுவிட்டு வரிசையில் நின்றாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்த ஜெயப்பிரியா, ஒரு புத்தகம் என்றுதானே சொன்னீர்கள் என்றாள். ஒன்றுதான், மீதியெல்லாம் பாதுகாப்பு என்றாள் புஷ்பா. மதிப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டபோது, கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னாள்.

“கேக்கல மேடம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னாள். வரிசை அடங்கிப்போனது. சீல் குத்திக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற, அதே தெருவில் இருக்கும் ராஜம்மா, தங்கமா என்று கேட்டாள். காமிக்ஸ் என்றாள் புஷ்பா. பொம்மைப் புத்தகமா என்று இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொண்ட ராஜம்மா, அவள் காதருகே வந்து, எதற்கு இவ்வளவு சொல்கிறாய், ஐந்நூறு என்று போடு, கட்டணமாவது மிச்சமாகும் என்றாள்.

புஷ்பாவின் உறுதி ஒரு கணம் ஆட்டம் கண்டது. வரிசையில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஐந்நூறு என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெயப்பிரியா கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“உங்க இஷ்டம் மேடம். ஆனா கம்மியா போட்டீங்கன்னா, ஏதாச்சும் ஆனா அந்தக் கம்மிதான் வரும். உங்களுக்கு அது எவ்ளோன்னு நீங்கதான் சொல்லணும்.”

அம்மை போட்ட வாரத்தில் தொடங்கி இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. புஷ்பா நிமிர்ந்து நின்று, முதலில் சொன்ன தொகையையே, இந்தத் தடவை வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. சிரிப்பு வந்தது. பெட்டியைச் சுற்றி ஒவ்வொரு ஒட்டிலும் கையெழுத்துப் போட்டாள். போட வேண்டிய இடம் முடிந்த பிறகும் இரண்டு போட்டாள். “போதும் மேடம்” என்று ஜெயப்பிரியாதான் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் அவள் போனை யாரும் வாங்க முடியவில்லை. பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, திருச்சி தாண்டியாச்சு, மதுரை வந்தாச்சு என்று கம்பெனி கேன்டீனில் அறிவித்தாள். வீரராகவன் அனுப்பியது மேலே வந்துகொண்டிருக்க, இவள் அனுப்பியது கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் எங்கேயோ எதிரெதிரே கடந்துபோன அன்று வீரராகவனே போன் செய்து வாழ்த்துச் சொன்னார்.

கஜபதிக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். பகலில் வீட்டில் இருப்பார். அவரிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது ஒன்றுதான். பெட்டியைத் திறக்கும்போது முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுக்க வேண்டும், சேதம் இருந்தால் இன்ஷூரன்ஸுக்கு அதுதான் சாட்சி. ‘நான் வந்த பிறகு’ என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கேன்டீனில் திறந்தாள். கஜபதி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்கிற மாதிரி பெட்டியைப் பிரிக்கிறார். இதழை எடுத்துக் காமிராவை நோக்கித் திருப்பப்போகிறார். புஷ்பா அலறாத குறையாகக் கையால் திரையை மூடினாள். விரலிடுக்கில் பார்த்தபோது நல்லவேளையாக இதழின் முதுகுதான் தெரிந்தது. சேதம் இருக்கிறதா என்று அவர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். மூன்றாவது பக்கத்தில் புரட்டுவது நின்றுவிட்டது. உதடு அசைகிறது. நாற்காலியை இழுத்து உட்கார்கிறார். டீ ஆறுகிறது. ஒரு இடத்தில் “அடப்பாவி” என்கிறார். ஒரு இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

அழுகிற இடம்கூட இருக்கிறதா அதில்? புஷ்பாவுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. சூப்பர்வைசரிடம் அவசரம் என்றாள். யாருக்கு என்ன என்று அவர் பதறினார். அல்லி என்று ஒருத்தி, ரொம்ப நாளாகத் தண்ணீரில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டு, அவர் அதைப் புரிந்துகொள்வதற்குள் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

வீட்டில் கஜபதி வாசலிலேயே நின்றிருந்தார். முகம் ஊதிய பலூன் மாதிரி இருந்தது, ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

“நா ஒண்ணியும் சொல்லல. ஆனா அவள யாரு, இன்னாத்துக்கு அங்க கட்டிப் போட்டாங்க? மொதல் பாகம் எங்க கீது?”

புஷ்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருக்கு முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு, கை கழுவி, துடைத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைத் திறந்தாள்.

கடல் ஏறுகிறது. தண்ணீர் அல்லியின் முழங்காலுக்கு வருகிறது, இடுப்புக்கு வருகிறது. யாரும் வரவில்லை. ஹெலிகாப்டர் இல்லை, திமிங்கிலம் இல்லை. அவள் தன் அம்மாவையும், அம்மா வறுத்துத் தந்த மீனையும் நினைத்துக்கொள்கிறாள். கஜபதி கண்ணைத் துடைத்தது இங்கேதான். பதினாலாம் பக்கத்தில் தண்ணீர் கழுத்துக்கு வந்த நேரம் கம்பம் லேசாக ஆடுகிறது. அவளைக் கட்டியிருந்தது உப்புக் குன்றில். ஏறிய கடலே அதைக் கரைத்துவிட்டது. கம்பம் சாய்கிறது, மிதக்கிறது, அல்லி அதன் மேல் படுத்தபடி கரைக்குப் போகிறாள்.

புஷ்பா சிரிக்க ஆரம்பித்தாள். உப்பு. தினம் குழம்பில் போடுகிற உப்பு. இத்தனை வருடம் ஒரு நாளாவது தோன்றியிருக்கக் கூடாதா? சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது. தூத்துக்குடியில் முதல் இதழும் ஒரு மடிப்பில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. வீரராகவன் அட்டையைப் பற்றிச் சொல்ல, இவள் உப்பைப் பற்றிச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. இருவருமே நிறுத்துவதாகவும் இல்லை.

கட்டிலில் குப்புறப் படுத்து முதல் பாகத்தில் இருந்த கஜபதி தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்கபா. இங்க அவ இப்பத்தான் படகுல ஏறிகினு இருக்கா.”