கிளட்ச் மேல் வைத்த கால்

மன்னிப்பதற்குப் பெரிய மனசு வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த அளவில் மனசு அமையவில்லை. அக்காவுக்குச் சுத்தமாகக் கிடையாது. நாலாம் வகுப்பில் அவளுடைய ரப்பரைக் கடித்துத் துப்பிய பெண், பத்தாம் வகுப்பில் ஒருநாள் அவசரமாகப் பசை கேட்டு வந்தாள். அக்கா பசை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே, "என் ரப்பர் எங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு எந்த ரப்பர் என்றே புரியவில்லை. அக்காவுக்கு அதன் நிறம்கூட ஞாபகம் இருந்தது.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நான் அதே ஸ்கூலின் முன்மேசையில் உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்புகிறேன். ஆகவே இதில் எதையும் நான் அடுத்தவர் வாய்வழியாகக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அக்கா பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றவள். பேக்கரி ஒன்றில் ரொட்டி வேன் ஓட்டினாள். விடியற்காலையில் கிளம்பி, எட்டு மணிக்குள் நாற்பது கடைகளுக்கு ரொட்டி போடுவாள். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்த நேரம் ஒத்துவரவில்லை. அப்போதுதான் இந்த ஸ்கூலில் சேர்ந்தாள். காலை வகுப்பு அவளுக்கு, மாலை வகுப்பு மாஸ்டருக்கு. வண்டி ஒன்றுதான். சிவப்பு நிறச் சின்ன கார்.

மாஸ்டர் என்றால் ஸ்கூலின் முதலாளி. இருபத்தேழு வருடமாகக் கற்றுக்கொடுப்பவர். கறுப்பு ஷூவை முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று வைத்திருப்பார். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்துக்கொள்ளலாம். மாஸ்டர் ஒவ்வொரு புது வகுப்பிலும் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வார்: "அந்தப் பெடலை நான் தொடவே மாட்டேன். என் ரெண்டு காலும் தரையில இருக்கும். பயந்தவன் கத்துக்கொடுக்கவே கூடாது." கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆரம்பத்தில் நானும் பிளந்தவள்தான்.

போன வருடம் அந்த வண்டியின் கிளட்ச்சில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. மாற்றினார்கள். ஐந்து மாதத்தில் மறுபடியும் அதே சத்தம். அன்றைக்கு மாஸ்டர், காலை வகுப்பும் மாலை வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவங்கதான் உங்களுக்கு உதாரணம். கிளட்ச்சைப் பாதி மிதிச்சபடி ஹாஃப் கிளட்ச்லயே வண்டியை ஊர வச்சு, உள்ள இருக்கற பிளேட்டைக் கருக்கிட்டாங்க. ரொட்டி வேன் ஓட்டின பழக்கம். ரொட்டியும் கருகும், பிளேட்டும் கருகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குக் 'கருகல்' என்று பெயர். மறுநாள் அவளுடைய வகுப்பையும் மாஸ்டரே எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு வண்டி கழுவும் வேலை. அதோடு விட்டாரா? "எப்படிக் கத்துக்கொடுக்கணும்னு பார்த்துக் கத்துக்க" என்று தன் வகுப்பில் பின்சீட்டில் உட்கார வைத்தார். ஏழு வருடம் கற்றுக்கொடுத்தவள், மடியில் கையை வைத்துக்கொண்டு, நேற்றுச் சேர்ந்த பையன்களுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் அத்தான் நல்ல மனிதர். "விட்டுத் தொலை. ஊர்ல வேற ஸ்கூலே இல்லையா?" என்றார்.

"வேற ஸ்கூலுக்குப் போனா கருகலும் கூடவே வரும்" என்றாள் அக்கா.

அது உண்மைதான். அந்த வாரமே வீட்டுக்குள் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அம்மா, உன்னைக் கருகல்னு சொல்றாங்களே, நீ எதைக் கருக்கின?" என்று கேட்டாள். அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா எங்கள் ஸ்கூலில் பழகுகிறாள். அக்கா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் மூடவில்லை. "கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றாள். ரப்பர் விஷயத்துக்கு ஆறு வருடம் காத்திருந்தவள். இதற்கு எத்தனை வருடமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தனை நாள் ஆகவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, மாஸ்டரே அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்தாரே, அங்கேதான் பிடிபட்டது.

இரண்டாம் தடவையும் கிளட்ச்சை மாற்றி நாலு மாதம் ஆனதும் மூன்றாவது முறையாகச் சத்தம் வந்தது. இப்போது அக்கா பெடல் பக்கம் போயே நாலு மாதம். மாஸ்டர் அசரவில்லை. "மெக்கானிக் போலி பார்ட் போட்டுட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னார்.

அக்கா ஒரு காலையில் வண்டியைக் கழுவி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "வாடி, காதை மட்டும் குடு." ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டாள். பெடல் மேல் காலே இல்லை. சத்தமும் இல்லை. பிறகு பெடலை லேசாகத் தொட்டாள். கீச். இன்னும் அழுத்தினாள். கரகரவென்று அரைத்தது. காலை எடுத்தாள். நின்றுவிட்டது.

"கால் எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதிச்சா நின்னுச்சுன்னா கியர்பாக்ஸ் உள்ள இருக்கற பேரிங். இது தலைகீழ். மிதிச்சா வருது. இது ரிலீஸ் பேரிங். பெடலைத் தொட்டாத்தான் அதுக்கு வேலை. தொடலேன்னா தூங்கும்."

"சரி, அதுக்கு?"

"ஹாஃப் கிளட்ச்ல ஊர வச்சா தேயறது பிளேட். கருகல் நாத்தம் வரும். யாருக்காச்சும் வந்துதா? தேயறது பேரிங்னா, யாரோ நாள் பூரா பெடல் மேல காலைச் சும்மா வச்சிருக்கான்னு அர்த்தம்."

மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குப் போனோம். அவர் கழற்றிய பழைய சாமான்களை லேசில் தூக்கிப் போடமாட்டார். மூலையில் இருந்த டப்பாவிலிருந்து இரண்டு பிளேட்டுகளையும் இரண்டு பேரிங்குகளையும் எடுத்து வைத்தார். பிளேட்டுகள் இரண்டும் நல்ல தடிமன். இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும். பேரிங்குகளோ சூட்டில் நீலம் பாய்ந்து, எண்ணெய் வற்றி, சுற்றினால் மணலை மெல்லுவதுபோல் அரைத்தன.

"பிளேட்டு கருகலேன்னு அன்னைக்கே மாஸ்டர்கிட்ட சொன்னேன் தங்கச்சி. 'நீ சாமானை மாத்து, பாடம் நான் எடுத்துக்கறேன்'னுட்டார்."

அக்கா ஒரு பிளேட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தன் பெயரைக் கெடுத்த கருகலை அவள் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அதில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லை.

"நான் நாலு மாசமா பின்சீட்டுல வர்றேன் அண்ணே, இப்ப சத்தம் ஆரம்பிச்சதிலேருந்து கவனிச்சேன். பழகற ஆள் பெடல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே கீச்சு வருது. மாஸ்டர் ஏறி உக்காந்ததும் வருது. அவர் இறங்கினா நிக்குது."

மறுநாள் அவள் இதை மரியாதையாகவே மாஸ்டரிடம் சொன்னாள். தனியாகத்தான் சொன்னாள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்புக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "இருபத்தேழு வருஷம்! என் காலைப் பத்தி எனக்கே பாடமா? என் ரெண்டு காலும் தரையில இருக்கும்!"

அக்கா வெளியே வந்து வாளியை எடுத்துக்கொண்டாள். "அவர் பொய் சொல்லலைடி. அவருக்கே தெரியல. வாய் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு செய்யுது" என்றாள். பிறகு, "தெரிய வைக்கணும். அவருக்குக் கடைசியா தெரியணும்" என்றாள்.

வண்டியின் கூரைமேல் 'பயிற்சி வண்டி' என்று எழுதிய மஞ்சள் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே ஒரு பல்பு. எப்போதோ ஃபியூஸ் போனது, யாரும் மாற்றவில்லை. மூன்றாவது பேரிங்கைக் கழற்றி நாலாவதை மாட்டுவதற்காக வண்டி பட்டறைக்குப் போனபோது, மெக்கானிக் அண்ணன் கூடுதலாக அரை மணி நேரம் வேலை செய்தார். அவருக்கும் போலி பார்ட் என்ற பேச்சு தொண்டையில் முள்ளாக நின்றிருந்தது. பிரேக் லைட்டுக்கு வைக்கிற சுவிட்ச் ஒன்றை மாஸ்டர் பக்கத்துக் கிளட்ச் பெடலின் அடியில் பொருத்தினார். ஒயரைக் கதவு ரப்பருக்குள் ஒளித்துக் கூரைக்குக் கொண்டுபோனார். புது பல்பு போட்டார். பழகுகிறவர் தன் பெடலை மிதித்தால் மாஸ்டர் பக்கத்துப் பெடல் அசையாது. ஆகவே அந்தப் பல்பு ஒரே ஒரு காலுக்குத்தான் எரியும்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் தெருவுக்கு நல்ல காலம் பிறந்தது. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கூரையில் பெட்டி பளிச்சென்று எரிந்தது. வண்டி கிளம்பியது, எரிந்தது. முனை திரும்பியது, எரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து எரிந்துகொண்டே திரும்பி வந்தது. மாஸ்டர் இறங்கினார். அணைந்தது.

டீக்கடைக்காரர் முதலில் கேட்டார். "பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?" அக்கா துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "மாஸ்டர் கிளட்ச் மேல கால் வச்சிருந்தா எரியும்." அவ்வளவுதான். வேறு ஒரு சொல் கிடையாது. மருந்துக்கடைப் பெண் கேட்டபோதும் அதே பதில். முடிதிருத்துகிறவர் கேட்டபோதும் அதே. மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், "மாஸ்டர் கால்! மாஸ்டர் கால்!" என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். மாஸ்டர் அதைத் தன் புகழ் என்று எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் டீச்சரம்மா முறை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஐம்பத்தொன்பது வயதில் கார் பழக வந்தவர். அவருக்கு யாரிடமும் பயம் கிடையாது. வகுப்பு மாறுகிற நேரம், இருபது பேர் வாசலில் நிற்கிறார்கள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கூரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மாஸ்டர், எங்களைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்படறீங்க?"

மாஸ்டர் துள்ளி இறங்கினார். "யாருக்குப் பயம்?" என்று கூரையைப் பார்த்தார். பெட்டி அணைந்திருந்தது. கூட்டம் சிரித்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "ஏறி உக்காருங்க மாஸ்டர். எதிர்ல ஃபர்னிச்சர் கடைக் கண்ணாடியைப் பாருங்க."

அந்தக் கடைக்குச் சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. எங்கள் ஸ்கூல், வாசல், சிவப்பு கார் எல்லாம் அதில் தெரியும். மாஸ்டர் விறைப்பாக ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் தெரிந்த காரின் தலையில் விளக்கு எரிந்தது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பளபளக்கும் கறுப்பு ஷூ கிளட்ச் மேல் இருந்தது. காலை வெடுக்கென்று இழுத்தார். அணைந்தது. டீச்சரம்மா மறுபடி ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி இன்ஜினை உயிர்ப்பித்தார். மறுபடி எரிந்தது. மாஸ்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கால் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

மெக்கானிக் அண்ணன் கூட்டத்தைப் பிளந்து வந்து, தடித்த இரண்டு பிளேட்டுகளையும் காரின் பானெட் மேல் வைத்தார். "கருகின பிளேட்டு. எல்லாரும் தொட்டுப் பாருங்க" என்றார். பார்த்தார்கள். கை மாறிக் கை மாறிப் போனது. மகளின் வகுப்புப் பெண்ணுடைய அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். அவள் கையில் கரி ஒட்டுகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். ஒட்டவில்லை.

மாஸ்டர் தணிந்த குரலில், "அந்தப் பல்பை எடுத்துடும்மா" என்றார்.

"பல்பை எடுக்க மாட்டேன் மாஸ்டர். நீங்க காலை எடுங்க."

அவர் முயற்சி செய்தார். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைகளால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, டீச்சரம்மாவை ஓட்டச் சொன்னார். மருந்துக்கடை வரைக்கும் பெட்டி அணைந்தே போனது. அங்கே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டீச்சரம்மா நிதானமாக வேகத்தைக் குறைத்தார். பெட்டி எரிந்தது. அதற்கப்புறம் அணையவே இல்லை. வண்டி திரும்பி வந்தபோது மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தேழு வருடமாக அந்த மனிதர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாக இல்லையா என்று அத்தான் கேட்டார். இல்லை. பயப்படட்டும், யார் வேண்டாம் என்றது? தன் பயத்தை எடுத்து என் அக்காவின் தலையில் கட்டினாரே, அதற்குத்தான் இது.

அவர் இறங்கி, முன்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றார். பழகுகிற இருபது பேரும் அவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்கள்.

"நீயே உக்காரும்மா" என்றார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்களும் ஏறுங்க மாஸ்டர். பின்னாடி. எப்படிக் கத்துக்கொடுக்கறதுன்னு பாருங்க" என்றாள். என்னையும் கூப்பிட்டாள். "நீயும் ஏறுடி. வீட்டுல பாப்பா கேட்டா சாட்சி வேணும்."

டீச்சரம்மா வண்டியை எடுத்தார். நான் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக் கண்ணாடியில் எங்கள் கூரையைப் பார்த்தேன். அணைந்திருந்தது. மருந்துக்கடை தாண்டியது, அதன் கண்ணாடியிலும் அணைந்தே இருந்தது. முனையில் ஒரு லாரி எதிரே வந்தது. டீச்சரம்மா ஒதுங்கினார். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தேன். மாஸ்டரின் இடது கால் அக்காவின் சீட்டுக்கு அடியில் போய், தரைத் தகரத்தை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், அங்க பெடல் இல்ல" என்றாள்.