பெரிய வெள்ளியன்று அக்கா கலைத்த உபவாசம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எனக்கு நான்கு பக்கம் என்றார்கள்; புகைப்படங்களுக்காக ஒன்றரையாக்கிவிட்டார்கள். எதை விடுவது என்று தெரியவில்லை.

அக்கா கொடும்பாளூரில் பிறந்தார்கள். ஐவரில் மூத்தவர்கள். மிஷன் உதவியில் மருத்துவம் படித்து, கீரமங்கலம் பக்கம் பன்னிரண்டு கட்டில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கையுறையைக் கழுவி, அவித்து, மறுபடி போட்ட காலம். ரத்த வங்கி இல்லை. சபையாரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு பெரிய வெள்ளியன்று, கணக்கு வாத்தியாரான நான் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். மீமிசலில் வாழ்க்கைப்பட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. புதுக்கோட்டைக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடுவாள் என்றார்கள் அக்கா. இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும். சபையில் அவளுடைய வகை ரத்தமுள்ள மூவரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஆலயத்தில் மும்மணி ஆராதனையில், மூன்று மணி நேர ஜெபத்தில், இருந்தார்கள்.

இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதைப் பற்றிய பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அக்கா நேரே பீடத்துக்குப் போய்ப் போதகரின் காதில் பேசினார்கள். அவர் பிரசங்கத்தை நிறுத்தி மூவரையும் அனுப்பினார். கஞ்சி குடித்த பிறகே ரத்தம் என்பது அக்காவின் கண்டிப்பு. மூவரில் ஒருவரான உபதேசியார், போதகருக்கு உதவியாக ஊழியம் செய்பவர், குடித்துவிட்டதாகச் சொல்லி முதலில் படுத்தார். ரத்தம் எடுத்ததும் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், விழுந்தார். அவர் குடிக்கவே இல்லை.

இருந்த ஒரே சலைன் பாட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. உபதேசியாரின் காலை முக்காலியில் தூக்கி வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். மற்ற இருவரும் பயந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். இன்னும் ஒரு பாட்டில் வேண்டும்.

அவர் கண் விழித்ததும் அக்கா, "குடிச்சேன்னு ஏன்யா சொன்னீங்க?" என்றார்கள்.

"இன்னிக்கு குடிச்சா மனசு கேக்காதும்மா. ரத்தம் குடுக்காட்டியும் கேக்காது."

பெண்ணின் கணவர் மெல்லக் கேட்டார்: "நாங்க வேற சாமி கும்புடுறவுக. அவுக விரதத்தக் கெடுத்த பாவம் எம்புள்ளைக்கு வருமா, டாக்டரம்மா?"

"வந்தா எம்பேருக்கு வரட்டும். நீங்க போயி அவருக்கு எளநி வாங்கியாங்க."

பிறகு அக்காவே இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்கள். அவர்களில் ஒருவர் போய்ப் படுத்தார். சாயங்காலம் ரத்தப்போக்கு நின்றது. அந்தப் பெண் பிழைத்தாள்.

சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். மறு வருடம், ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் உபவாசிக்க வேண்டாம் என்று போதகரே அறிவித்தார்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தாயிற்றா என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வரவில்லை. வந்தாயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது டாக்டர் இன்னும் வரவில்லை.

முறை வைத்துக் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், மழையில் நின்று பாடிய பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருக்கும் என்று பயந்து ஒருவர் பெயரையும் எழுதவில்லை.

நினைவு நாள், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலத்தில் வருவதால் சாப்பாடு வேண்டாம் என்றார்கள் சிலர். போடுகிறோம். அன்றைக்கே ரத்ததான முகாமும் உண்டு. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் முதல் பந்தியில் உட்காருங்கள். சாப்பிட்டாயிற்று என்று சொன்னால் நம்பமாட்டேன். இலைக்கு எதிரே நிற்பேன்.