சுவருக்குப் போட்ட மாலை

எங்கள் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே நின்ற சுவரை அதிகாரிகள் வந்து இடித்தார்கள். இடித்தார்கள் என்றா சொன்னேன்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதற்கே நாங்கள் வெடி வெடித்தோம்.

அந்த ஓட்டையையும் ஊர்த்தெருக்காரர்கள் அடைத்துவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் என் அண்ணன்தான் வழி சொன்னான்.

"தலைவர் படத்த வரஞ்சுட்டா எவன் கை வெப்பான்?"

மிச்சச் சுவர் முழுக்க, லாரிக்கு அடிக்கும் எனாமலில், நீலக் கோட்டும் கண்ணாடியுமாகத் தலைவரை வரைந்தான். பக்கத்தில் அறுந்த சங்கிலி ஒன்று. மங்கவே மங்காத பெயிண்ட் என்று பீற்றிக்கொண்டான். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் வினை தெரிந்தது. டயாலிசிஸுக்குச் சேலம் போக வேண்டும்; ஆட்டோ சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சுற்றி வர ஏரிக்கரைதான் உண்டு, அதில் சக்கரம் உருளாது. மனு மேல் மனு கொடுத்து ஜேசிபியை வரவழைத்தோம். தாசில்தார் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தலைவர் மூஞ்சில ஜேசிபிய உட்டா நாளைக்கு ஊரே பத்திக்கும். ஆரும்மா பதில் சொல்றது?"

"நாங்களே சொல்றமுங்க, இடிங்க," என்றேன்.

"வெள்ளையடிச்சுட்டு இடிங்க சார்," என்றான் அண்ணன். அழிப்பதும் அவமதிப்புதான் என்றார் கூட வந்த போலீஸ்காரர்.

ஊர்த்தெருக்காரர் ஒருவர் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "பெரிய தலைவருங்க. நாங்களும் மரியாதை குடுக்கறமுங்க. செவுரு இப்படியே இருக்கட்டுமுங்க." அவர் வாயிலிருந்து எங்களுக்கு 'ங்க' வந்தது அன்றுதான் முதல்முறை.

ஜேசிபி திரும்பிப் போய்விட்டது. அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஓட்டையில் நாற்காலியைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். "மெதுவா சாமி, மெதுவா," என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொள்வாள். அவள் கை படுகிற இடத்தில் நீலம் தேய்ந்துவிட்டது.

தலைவர் பிறந்த நாளுக்குத் தெருவே கூடிச் சுவருக்கு மாலை போட்டது. கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் ஏணி போட்டு, மங்கிப்போன கோட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னும் எதுக்குண்ணா இந்தப் படம்?"

"படம் அழிஞ்சா இருக்கற ஓட்டையையும் அடைச்சுருவானுங்க புள்ள."

ஏணி ஆடியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.