கடைசி நாற்காலியின் வலது பாதம்

என் அப்பா தேவசகாயம் கடலூர் முதுநகரில் டெலிபோன் கேபிள் ஜாயிண்டர். முப்பத்து நான்கு வருடம் குழிக்குள் உட்கார்ந்து, அறுந்த கேபிளின் கம்பிகளை நிறம் பார்த்து ஜோடி சேர்த்து முறுக்கினார். ஒரே ஒருமுறை நிறம் மாறிவிட்டது. மீன் வியாபாரிக்கு வரவேண்டிய அழைப்புகளெல்லாம் அதே தெரு வக்கீல் வீட்டில் அடித்தன. வக்கீல் பத்து நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தார். அதற்குள் வஞ்சிரம் விலை அவருக்கு அத்துப்படி.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பைக் அப்பாவின் வலது கணுக்காலில் ஏறியது. எலும்பு கூடியது, காயம் ஆறியது. ஆனால் போர்வை உரசினால் பாதம் எரிகிறது என்றார். இறுக்கிப் பிடித்தால் ஒன்றுமில்லையாம், ஈ உட்கார்ந்தால் நெருப்பாம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு நல்லாருக்கு" என்றார். எலும்பைப் பற்றி அப்பா கேட்கவேயில்லை. சித்தப்பா சவரிராயன், "வயசானா வர்றதுதான்" என்று கண்டுபிடித்தார்.

யாராவது ஒருவர் நம்பினால் அப்பாவுக்குப் போதும். அந்த ஒருவன் நான் என்று நினைத்திருந்தார். எனக்குத் தகுதியும் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். தண்டுவடத்தின் பின்பகுதி அடுக்கடுக்கானது. வலி நரம்புகள் மேலடுக்கில் வந்து சேரும், தொடுகை நரம்புகள் ஆழத்தில். வெளியே நரம்பு நசுங்கினால் உள்ளே இணைப்புகள் மாறும். தொடுகைச் செய்தி வலியின் அடுக்குக்குப் போய்விடலாம். தொடுகை நரம்பு புதிதாகக் கிளைவிடுகிறதா, மூடிக் கிடந்த பழைய வழி திறக்கிறதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இதையெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை கலர் சாக்பீஸால் வரைவேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. வீட்டுக்கு வந்தால், "பழகிடும்பா" என்பேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக, மாதா கோயிலில் பங்குச்சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது பாதத்தைக் கழுவுவார். இருபது வருடமாகக் கடைசி நாற்காலி அப்பாவுக்கு.

"இந்த வருசம் வேணாம்னு சொல்லிடட்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிசம்தானேப்பா. மனச வேற எங்கயாவது வெச்சுக்குங்க."

"சரி. படிச்சவன் சொல்ற."

தண்ணீர் ஊற்றியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு சாமியார் துண்டால் பக்தியோடு, மிக மிக மென்மையாக ஒற்றினார். அப்பாவின் கண்ணீர் தாடைவரை ஓடியது. பாடகர் குழு குரலை உயர்த்தியது.

கோயில் வாசலில் பக்கத்து வீட்டு பெலிசியா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஆண்டவர் ஒங்களத் தொட்டுட்டாரு. அடுத்த வருசமும் நீங்கதான்."

"தொட்டாரும்மா, நல்லாவே தொட்டாரு" என்றார் அப்பா.

ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: "ஜெகன், உள்ள எங்கயோ கலர் மாத்தி முறுக்கிட்டானுங்க. அங்க அடிக்க வேண்டிய போனு இங்க அடிக்குது."

ஐந்துக்கு ஐந்து போட வேண்டிய பதில். நான் "ம்" என்றேன். "நீங்க சொல்றது சரிப்பா" என்று சொல்லியிருக்கலாம். சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஆகஸ்டில் மாரடைப்பு. பாதத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

உடலைக் குளிப்பாட்டும்போது சித்தப்பா ஈரத்துணியால் வலது பாதத்தை மெதுவாகத் தடவினார்.

"அப்படித் தொடாதீங்க சித்தப்பா. அவருக்கு வலிக்கும்."

"இனிமே என்னடா வலி?"

நியாயமான கேள்வி. பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. நான் துணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கழுவினேன்.