சிவப்பு வண்டிக்கு டர்போ இன்ஜின்

போன வாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம். 'உங்கள் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கரிய கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அது முற்றுப்புள்ளியா என்று அச்சுக்கோப்பவர் கேட்கிறார்.'

முற்றுப்புள்ளி இல்லை சார். கிரீஸ்.

ஐந்து மாதமாக என் நகக்கண்ணில் இருப்பது அதுதான். காரணத்தை உங்களிடம் சொல்லாமலே எழுதிக்கொண்டிருந்தேன். காரியம் முடியாமல் என்னவென்று சொல்வது? இப்போது முடிந்துவிட்டது. சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணி நெய்வேலி சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சொந்த நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெளிநாட்டு இன்ஜினீயரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். மற்ற வண்டியில் ஏறுவார்கள். இதில் இறங்க வேண்டும் – அவ்வளவு தாழ்வு. வாங்கிய கொஞ்ச நாளில் அதன் பெட்ரோல் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. உதிரி பாகம் கிடைக்கவில்லை. எங்கோ ஏலத்தில், விபத்தில் நசுங்கிய ஒரு வெளிநாட்டு வேனின் டர்போ டீசல் இன்ஜினை எடுத்து வந்தார்.

டர்போ என்றால்? இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது காற்றை அமுக்கி மறுபடி இன்ஜினுக்குள் தள்ளும். அதனால் இழுவை கூடும்.

"இத அதுல வச்சா பறக்கும் ரெஜினா" என்றார்.

பழைய இன்ஜினை வெளியே தூக்கிய அன்று செயின் நழுவியது. அவருடைய வலது கை நடுவில் சிக்கியது. இரண்டு விரல் போயிற்று. மிச்சமிருந்த இரண்டும் மடங்கவில்லை. கட்டைவிரல் மட்டும் தப்பியது.

ஆறிய பிறகு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். சம்பளம் குறையவில்லை. பேச்சு குறைந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கோயிலுக்குக்கூட வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் வருவார். சிலுவை போட அந்தக் கையை வெளியே எடுக்க வேண்டுமே... போடுவதையே விட்டுவிட்டார்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி கிடந்தது. "விரலை வாங்கின வண்டி, தள்ளிவிடுங்க" என்று பிளாக்கே சொன்னது. அவரும் அதைத்தான் சொன்னார்.

"வித்துடலாம். இரும்பு வெலைக்குப் போவும்."

"நான் மாட்டுறேன். நீங்க சொல்லுங்க."

"நீயா? ஸ்பானர் எது, ஸ்க்ரூ டிரைவர் எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. சொன்னா தெரிஞ்சிக்குவேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தார்ப்பாயை விலக்கினேன். மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக, இன்ஜின் இருந்த குழியைத் துடைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு ஒரு நட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்தபோது, பின்வாசலிலிருந்து குரல் வந்தது. "அது பதினாலு. பதினேழ எடு."

அன்றிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுவார். நான் செய்வேன். எதையும் தொடமாட்டார். கை பாக்கெட்டிலேயே இருக்கும்.

வெல்டிங்குக்கு நெல்லிக்குப்பம் கலியபெருமாள் வந்தார். காண்ட்ராக்ட் வெல்டர், இவருக்கு ரொம்ப நாள் சிநேகிதர். இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அக்கா, இது ஒக்காராதுக்கா. டர்போ போயி ஸ்டியரிங் ராடுல இடிச்சிகினு நிக்குது. அத கழட்டிப் போட்டுட்டு வெறும் இன்ஜினா ஓட்டிக்கோங்களேன்."

நியாயமான யோசனைதான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"டர்போ இல்லாம ஓட்டுறதுக்கா இவரு ரெண்டு வெரலக் குடுத்தாரு?"

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "டர்போவ முன்னால தள்ளி வைக்கலாம். புகை பைப்ப வளைச்சிக் கொண்டாரணும். கம்பியில அளவு எடு" என்றார்.

கம்பியை வளைத்துப் பார்த்தேன். இடித்தது. வேறு கம்பி. அதுவும் இடித்தது. எட்டாவது கம்பி எங்கும் உரசாமல் போய்ச் சேர்ந்தது. அதே அளவில் கலியபெருமாள் பைப்பைப் பற்றவைத்தார்.

போன மாதம் ஒரு நண்பகலில் சாவியைத் திருப்பினோம். பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம் அருமையான ஓட்டம். பிறகு யாரும் மிதிக்காமலே சத்தம் ஏறியது. நீலப் புகை கிளம்பியது. அணைக்கச் சாவியைத் திருப்பினேன்... நிற்கவில்லை. இன்னும் ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென மூடின. கலியபெருமாள் கேட் வரை ஓடிவிட்டார்.

"காத்த அடை ரெஜினா, காத்த அடை!"

எதைக்கொண்டு அடைப்பது? நான் தடுமாறுவதற்குள் அவரே வந்தார். சுவரோரம் கிடந்த பலகையை எடுத்துக் காற்றுக் குழாயின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். இன்ஜின் உதறியது, திணறியது, நின்றது.

பலகையின் மேல் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன.

முடிந்தது கதை, இனி மறுபடி சுவர்தான் என்று நினைத்தேன். அவரோ வண்டிக்கு அடியில் படுத்தார்.

"எண்ணெய் திரும்புற பைப்ப நீதான மாட்டுன?"

"ஆமாங்க."

"மேல ஏறி எறங்குது. எறங்க வழியில்லாம எண்ணெய் டர்போவுல தேங்கி, காத்தோட உள்ள போயிருக்கு. இன்ஜின் அதையே குடிச்சிட்டு ஓடியிருக்கு."

"அப்ப தப்பு என்னுதா?"

"ஒன்னுதுதான். பன்னெண்டு ஸ்பானர் குடு."

வண்டிக்கு அடியிலிருந்து நீண்டது வலது கை.

கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது. ஒரே ஒரு நட்டுக்கு அரை மணி நேரம். நான் செய்திருந்தால் ஒரு நிமிடம். செய்யவில்லை. இந்த ஐந்து மாதத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, அந்த அரை மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, புது இன்ஜின் நம்பரைப் பதிவு செய்யக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். அவர்தான் ஓட்டினார். கியருக்கு இடது கை. ஸ்டியரிங்கில் வலது உள்ளங்கை. வடலூர் தாண்டி ரோடு காலியானதும் டர்போ வேலையைக் காட்டியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். "மாத்துன மெக்கானிக் யாரு?"

"இவங்கதான் சார்."

இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாருமில்லை. என்னிடமே ஒரு குழாயைக் காட்டி, "இது எதுக்கும்மா?" என்றார்.

"எண்ணெய் திரும்புறதுக்கு சார். நேரா எறங்கணும். இல்லன்னா வண்டி நிக்காது."

"ஓடாதா?"

"இல்ல சார். நிக்காது."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் என் வீட்டுக்காரர் மேலதிகாரியைப் போய்ப் பார்த்து, மறுபடி ஒர்க்ஷாப்பையே கேட்டார். வரும் திங்கள்கிழமையிலிருந்து அங்கேதான்.

எல்லாம் சரி. கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் ஒன்று கேட்டார். "நீங்க வண்டி ஓட்டுவீங்களாம்மா?" இன்ஜினையே மாற்றியவளுக்குக் கியர் மாற்றத் தெரியாது.

லைசென்ஸுக்கு நேற்று விண்ணப்பம் போட்டுவிட்டேன்.